பங்கர் வந்ததும் போச்சு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. டிரான்ஸ்ஃபர் கடைசியில் ஈரோட்டுக்கே கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். இனி தினமும் ரயில், பஸ் என்று ஓடாமல் வீட்டுச் சோறு சாப்பிடலாம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நேற்றுகூட நான் குளித்துவிட்டு வருவதற்குள் ரசத்துக்குத் தாளித்துவிட்டார்.

சரி, அதெல்லாம் இருக்கட்டும். நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கத்தை, டீன், சாம் என்ற அண்ணன் தம்பி காரில் ஊர் ஊராகப் போய்ப் பேய் வேட்டையாடுகிற நம் அமெரிக்க சீரியல் ‘சூப்பர்நேச்சுர’லுக்கு எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். உன் பெண் ஐந்தாவது சீசனை முடித்துவிட்டு “இதோடு நிறுத்திக்கவா, மேலே பார்க்கவா?” என்று கேட்டாளாம். நீ யோசிக்காமல் “நிறுத்து” என்று சொல்லிவிட்டாயாம். ஐந்தாவது சீசனோடு கதை முடிந்துவிட்டது என்று ஹாஸ்டலில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன கட்சி பேசினாயோ அதே கட்சியை இன்னும் விடவில்லை நீ.

உன் கட்சியின் பலம் எனக்குத் தெரியாமல் இல்லை. தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி ஐந்து வருஷக் கதையாகத்தான் இதை யோசித்தார். 2005 செப்டம்பரில் ஆரம்பித்தது, 2010 மே 13 அன்று ‘ஸ்வான் சாங்’ எபிசோடில் முடிந்தது, அதோடு அவரும் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த எபிசோடைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். உலகம் அழியப் போகிற கதையை, 1967-ல் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த ஒரு இம்பாலா காரின் கதையாகச் சொன்னார்களே! சின்ன வயதில் சாம் ஆஷ்ட்ரேயில் திணித்துவைத்த பச்சை பொம்மை சிப்பாய். ஹீட்டர் துவாரத்துக்குள் டீன் போட்டுவிட்ட லெகோ துண்டுகள், ஹீட்டர் போட்டால் இன்னும் கடகடவென்று சத்தம் போடும். சாமின் உடம்புக்குள் லூசிஃபர் என்ற சாத்தான் இருக்கிறான், டீனை அந்தக் காரின் மேலேயே சாய்த்து அடித்து நொறுக்குகிறான், வெயில் பளிச்சென்று பட்டதில் அந்தச் சிப்பாய் கண்ணில் படுகிறது. அவ்வளவுதான், சாம் திரும்பி வந்துவிடுகிறான். சாத்தானைத் தோற்கடிப்பது ஒரு பிளாஸ்டிக் பொம்மை. இப்படி ஒரு முடிவு எழுத இன்னொருவர் பிறந்து வரவேண்டும்.

ஆனால் கணக்கைப் பார். மொத்தம் 327 எபிசோடு. அதில் ‘ஸ்வான் சாங்’ 104-வது. அதற்குப் பிறகு வந்தது 223. நீ சொல்வதுபோல மிச்சமெல்லாம் வெறும் வால் என்றால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாலாக இருக்கிற பிராணி என்ன பிராணி? அதை நம்பி நாம் வேறு பத்து வருஷம் பின்னாலேயே போயிருக்கிறோம்.

எதிர் ரூம்காரியின் கட்சி உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் ஹார்ட் டிஸ்க்கில்தானே எல்லாவற்றையும் பார்த்தோம், அந்த உரிமையில் எப்போதும் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும். நான்காவது சீசனில் தேவதூதர்கள் வந்தார்களே, அன்றைக்கே பேய்க்கதை செத்துவிட்டது என்பாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காஸ்டியல் என்ற தேவதூதன் முதலில் வருகிற காட்சியை இன்னொரு முறை போட்டுப் பார். பழைய களஞ்சியம், தகரக் கூரை படபடவென்று அடிக்கிறது, பல்புகள் ஒவ்வொன்றாக வெடித்துத் தீப்பொறி கொட்டுகிறது, நடுவில் மழைக்கோட்டு போட்ட ஒரு ஆள் சாவகாசமாக நடந்து வருகிறான். துப்பாக்கியால் சுடுகிறார்கள், நெஞ்சில் கத்தியை இறக்குகிறார்கள், அவன் கத்தியைப் பிடுங்கிக் கீழே போடுகிறான். அதில் பயம் இல்லையா? அவனாக நடிக்கச் சில எபிசோடுகளுக்கு மட்டும் என்று வந்த மிஷா காலின்ஸ் கடைசி சீசன் வரை நின்றார் என்றால் சும்மாவா? அந்தத் தேவதூதர்கள் சர்ச் படத்தில் இருக்கிற மாதிரி இல்லை, மேலதிகாரிக்குப் பயந்த சிப்பாய்கள் மாதிரி இருந்தார்கள். அது புதுசு. ஏழாவது சீசனில் வந்த லெவியாத்தன் என்ற அரக்கர்களைக் கைகாட்டுகிறவர்களும் உண்டு. அழுக்கு எடுக்கிற போராக்ஸ் பட்டால் வெந்துபோகிற அரக்கன் எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் அது ஒரு வருஷத்துச் சறுக்கல்தான், அதோடு போயிற்று.

என் கட்சியை இத்தனை வருஷத்தில் ஒழுங்காக உனக்குச் சொன்னதே இல்லை. எட்டாவது சீசன் நடுவில், 2013 பிப்ரவரியில், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரு வீடு கிடைத்ததே, அங்கேதான் சரிவு ஆரம்பித்தது.

சிரிக்காதே, கேள். இந்தத் தொடரில் அவர்கள் தலைக்கு மேல் வந்த கூரையெல்லாம் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார். முதல் எபிசோடே 1983 நவம்பர் 2 அன்று கேன்ஸஸில் லாரன்ஸ் ஊரில் வீடு எரிவதில் ஆரம்பிக்கிறது. அவர்கள் அம்மா கூரையோடு ஒட்டிக்கொண்டு எரிகிறாள். 22 வருஷம் கழித்து அதே தேதியில் சாமின் ஃபிளாட், அதே மாதிரி அவன் காதலி ஜெஸிகா. இரண்டாவது சீசன் முடிவில் வேட்டைக்காரர்கள் கூடுகிற எல்லனின் ரோட்ஹவுஸ் மதுக்கடை சாம்பல். ஏழாவது சீசன் ஆரம்பத்தில், இவர்களுக்கு அப்பா மாதிரி இருந்த பாபியின் வீடும் போய்விட்டது, கொஞ்ச நாளில் பாபியும் போனார். கூரை கிடைத்தால் எரியும், ஆகவே காரில் ஏறு, அடுத்த ஊருக்குப் போ. கதையின் விதியே அதுதான். கிரிப்கி இவர்களுக்கு முதலில் யோசித்த பெயர்கள் ஜாக் கெருவாக்கின் ‘ஆன் தி ரோட்’ நாவலிலிருந்து எடுத்த சால், டீன். அப்புறம் சால் சாமாக மாறியது. அவர் மனசில் முதலிலிருந்தே ஓடியது ரோடுதான். காருக்குக்கூட முதலில் மஸ்டாங்தான் நினைத்திருந்தாராம். இம்பாலா வை, அதன் டிக்கியில்தான் ஒரு பிணத்தைப் போடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னாராம். அந்தப் புண்ணியவானுக்குக் கோயில் கட்டலாம்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கேன்ஸஸில் லெபனான் என்ற குட்டி ஊரில் பூமிக்கடியில் ஒரு கோட்டை கிடைக்கிறது, அதுதான் பங்கர். லைப்ரரி, ஆயுதக் கிடங்கு, சமையலறை, ஆளுக்கொரு படுக்கையறை. டீன் தன் மெமரி ஃபோம் மெத்தையைப் பற்றிப் பெருமை பேசுவான், ஞாபகம் இருக்கிறதா? பாவம், முப்பது வயது தாண்டிய பிறகு முதல் முறையாகச் சொந்தக் கட்டில். அந்தக் காட்சியில் எனக்கும் கண் கலங்கத்தான் செய்தது. பயப்பட முடியாமல் போனதும் அன்றிலிருந்துதான்.

அதற்கு முன்னால் எல்லாம் எப்படி? ஒவ்வொரு ஊரிலும் ஒரு மோட்டல் அறை. ஜெர்ரி வானெக் என்ற செட் டிசைனர் ஒவ்வொரு அறைக்கும் ஒரு கிறுக்குத்தனம் கண்டுபிடிப்பார். கண்ணைக் குத்துகிற சுவர்க்காகிதம், அறை நடுவே விசித்திரமாக ஒரு தடுப்பு. வாசலிலும் ஜன்னலிலும் உப்பைக் கோடாகக் கொட்டிவிட்டுத்தான் படுப்பார்கள். அந்தக் கோடு கலைந்தால் பேய் உள்ளே வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நம் ரூம் வாசலில் நீ டேபிள் சால்ட்டைக் கொட்டி, மறுநாள் கூட்ட வந்த அக்காவிடம் நான்தான் திட்டு வாங்கினேன். தெரிந்துகொள்வதற்கு அப்பாவின் டைரி ஒன்றுதான். உடைந்த வாக்மேனைப் பிரித்து டீன் செய்த, ஆவி இருந்தால் காட்டுகிற மீட்டர் ஒன்று. எதையும் கொல்லும் கோல்ட் துப்பாக்கிக்கு மொத்தமே 13 குண்டுதான் செய்யப்பட்டது, அதிலும் இவர்கள் கைக்கு வந்தது சொச்சம். ஒரு குண்டு வீணானால் நமக்கு வயிற்றைக் கலக்கும்.

பங்கர் வந்த பிறகு? என்ன பூதம் என்று தெரியாவிட்டால் அலமாரியில் ஃபைல் இருக்கிறது. எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம், ஒரே செட்டில் பாதி எபிசோடை முடித்துவிடலாம். பார்க்கிறவர்களுக்குத்தான் நஷ்டம். அவர்கள் லைப்ரரி மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆபத்து கதவுக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது. பத்தாவது சீசனில் எதிரிகள் உள்ளே புகுந்து அந்த லைப்ரரிப் புத்தகங்களைக் குவித்துப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தப் பார்த்தார்கள் இல்லையா, டீன் வந்து தடுத்துவிட்டான். கொளுத்த விட்டிருக்க வேண்டும்டி!

பாபியின் வீடும் நிலையான இடம்தானே என்று நீ கேட்பாய். இல்லை. அது இன்னொருவர் வீடு. விருந்தாளியாகப் போய் சோபாவில் தூங்கி, திட்டு வாங்கிக்கொண்டு கிளம்புகிற இடம். அதற்கும் சொந்தச் சாவி வைத்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இத்தனை வருஷம் வாடகை வீட்டில் இருக்கிற எனக்கா இது தெரியாது?

என் கட்சிக்குச் சாட்சியும் வைத்திருக்கிறேன். ஏழாவது சீசனில் சாம், டீன் மாதிரியே வேஷம் போட்ட லெவியாத்தன்கள் அதே மாடல் காரில் போய்க் கொலை செய்ததால், நிஜ இம்பாலாவை ஒளித்துவைக்க வேண்டி வந்தது. வாரம் ஒரு திருட்டுக் காரில் சுற்றினார்கள். அந்தச் சீசன் ஏன் ஒட்டவே இல்லை என்று கேட்கிறவர்கள் லெவியாத்தனைத் திட்டுகிறார்கள், நான் கார் இல்லாததைச் சொல்வேன். மாறாக, பதினோராவது சீசனில் 2015 அக்டோபரில் வந்த ‘பேபி’யைப் பார். எபிசோடு முழுக்கக் கேமரா காரை விட்டு இறங்குவதே இல்லை. சண்டை நடந்தால் கண்ணாடி வழியாகத்தான் நமக்குத் தெரியும். இரண்டு பேரும் பாட்டுப் போட்டுக் கத்திப் பாடுகிறார்கள், ராத்திரி சீட்டிலேயே முடங்கிப் படுத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிப் பேசுகிறார்கள். கிரிப்கி போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. யார் எழுதினால் என்ன, திரும்பக் காருக்குள் உட்கார வைத்ததும் முதல் சீசன் மாதிரியே ஆகிவிட்டது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், சாவு மலிந்துபோனது. மூன்றாவது சீசன் முடிவில் நரக நாய்கள் டீனைக் கிழித்தபோது நாம் இரண்டு பேரும் சாப்பிடவே போகவில்லை. பிற்பாடு யாராவது செத்தால் “எத்தனாவது எபிசோடில் திரும்பி வருவான்?” என்றுதான் கேட்கத் தோன்றியது. வில்லன்களும் மஞ்சள் கண் பூதம், லிலித், லூசிஃபர் என்று ஏறிக்கொண்டே போய், பதினோராவது சீசனில் கடவுளின் சகோதரியையே கூப்பிட்டு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு பழைய ஹோட்டலில் ஒரு ஆவி என்றால் யார் பயப்படுவார்கள்?

ஆனால் கடைசி சீசனை நீ பார்க்கவே மாட்டேன் என்கிறாயே, அது அநியாயம். நான்காவது சீசனில் இவர்கள் கதையை மலிவு நாவலாக எழுதிக்கொண்டிருந்த குடிகார எழுத்தாளன் சக் ஞாபகம் இருக்கிறதா? அவன்தான் கடவுள். பதினைந்தாவது சீசனில் அவனேதான் வில்லன். இவர்களை வைத்து எழுதுவதை நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. எப்போது முடித்திருக்க வேண்டும் என்று நாம் சண்டை போட்ட விஷயத்தையே கதையாக்கிவிட்டார்கள். ஒரு எபிசோடில் அவன் இவர்களுடைய ‘ஹீரோ’ அதிர்ஷ்டத்தைப் பிடுங்கிவிடுகிறான். உடனே கார் நின்றுபோகிறது, கிரெடிட் கார்டு வேலை செய்யவில்லை, டீனுக்கு வாய் நிறையச் சொத்தைப் பல், சாமுக்கு ஜலதோஷம். பதினைந்து வருஷமாக எப்படி இவர்களுக்குப் பல்வலியே வரவில்லை என்று நாம் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள்!

கடைசி இரண்டு எபிசோடு பாக்கி இருக்கும்போது கொரோனா வந்து படப்பிடிப்பு நின்று, 2020 நவம்பர் 19 அன்றுதான் முடிந்தது. கடவுளையே ஜெயித்த டீன் ஒரு களஞ்சியத்தில் சாதாரண ரத்தக்காட்டேரிச் சண்டையில் கம்பி குத்திச் சாகிறான். இதற்காக இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், முந்தைய எபிசோடுதான் முடிவு என்று வைத்துக்கொண்டவர்கள் நிறைய. எனக்கு அந்தச் சாவு பிடித்திருந்தது. முதல் சீசன் அளவுக்குச் சின்ன வேலையில், காரில் போன இடத்தில் செத்தான். பிடிக்காதது அதற்குப் பிறகு சாமுக்கு வைத்த நரைத்த விக்தான். அவ்வளவு பணம் போட்டு எடுக்கிறவர்களுக்கு நல்ல விக் ஒன்று கிடைக்காதா?

ஆகவே பெண்ணிடம் “நிறுத்து” என்று சொல்லாதே. ஆறாவதில் ‘தி ஃப்ரெஞ்ச் மிஸ்டேக்’, ஏழாவதில் பாபியின் ‘டெத்ஸ் டோர்’, பதினொன்றில் ‘பேபி’ மூன்றையும் பார்க்கச் சொல். மிச்சத்தை அவளே முடிவு செய்துகொள்ளட்டும். தேவதூதர்கள் கட்சியா, கிரிப்கி கட்சியா, பங்கர் கட்சியா என்று எனக்குத் தனியாக ஒரு வரி எழுதச் சொல். உன் கையெழுத்தில் வேண்டாம், நீ மாற்றி எழுதிவிடுவாய்.

பொங்கலுக்கு நான்கு நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே வரலாம் என்று இருக்கிறேன். புது வீட்டில் இடம் இருக்குமா என்று எழுது. வரும்போது அந்தப் பச்சைப் பட்டுப் புடவையையும் எடுத்து வருகிறேன், உன்னிடம் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, நீ கேட்காமல் இருப்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்