தூண்களில் குளோரைடு நீக்கும் வேலை அரைகுறையாக நிற்பது குறித்துப் புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம்,
திருவான்மியூர், சென்னை – 41.

பெறுநர்:
மேலாளர்,
கான்கிரீட் பழுதுபார்ப்பு நிறுவனம், சென்னை.

பொருள்: கடைசித் தவணையை நிறுத்திவைத்திருப்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் கார் நிறுத்துமிடத் தூண்களில் கரண்ட் செலுத்தி, உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடை (உப்பில் உள்ள பொருள்) வெளியேற்றும் வேலை முடிந்துவிட்டது, மீதிப் பணத்தை அனுப்புங்கள் என்று தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வேலை முடிந்ததாக எங்கள் சங்கம் ஏற்கவில்லை.

தூணைச் சுற்றி டைட்டானியம் வலை கட்டி, அதன்மேல் நாரை அப்பிச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, வலையை நேர்மின்முனையாகவும் உள்ளே இருக்கும் கம்பியை எதிர்மின்முனையாகவும் இணைத்தால், கடற்காற்று கொண்டுவந்து சேர்த்த குளோரைடு கம்பியை விட்டு வலைப் பக்கம் நகரும், கம்பியைச் சுற்றிக் காரத்தன்மை கூடித் துரு அடங்கும் என்று தங்கள் பொறியாளர் எங்கள் கூட்டத்தில் நன்றாகத்தான் விளக்கினார். ஒப்பந்தப்படி சதுர மீட்டருக்கு 1 ஆம்பியர், ஆறு வாரம், இடைவிடாமல். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 1008 ஆம்பியர்-மணி.

நடந்தது வேறு. கொண்டுவந்த சுண்ணாம்பு தீர்ந்ததும் தங்கள் ஆட்கள் எங்கள் போர் குழாயில் ஹோஸை மாட்டி நாரை நனைக்கத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நாங்கள் பாத்திரம்கூட அதில் கழுவுவதில்லை. உப்பை எடுக்க வந்தவர்கள் உப்புத் தண்ணீரையே ஊற்றுவதா என்று கேட்டதற்கு, "கரண்ட் ஓடுற வரைக்கும் அது உள்ளே போகாது சார்" என்றார் மேற்பார்வையாளர். சரி, கரண்ட் ஓடியதா? பவர்கட் ஆனால் ரெக்டிஃபையர் (தூணுக்கு நேர்மின்சாரம் தரும் கருவி) தானாக மறுபடி ஆன் ஆவதில்லை. இரவில் நின்றால் காலையில் ஆள் வந்து சுவிட்சைப் போடும்வரை நின்றதுதான். சனிக்கிழமை இரவு நின்றால் திங்கள்வரை. அத்தனை நேரமும் உப்பு ஊறிய நார் தூணிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசி வாரங்களில் கீழ்த்தளம் முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டார். காரம் குறைந்து தண்ணீர் அமிலமானால் வலையில் குளோரின் வாயு கிளம்பும் என்று தாங்கள் தந்த வேலைமுறைக் குறிப்பிலேயே இருக்கிறது. தண்ணீரின் காரத்தை யாராவது சோதித்ததை நாங்கள் பார்க்கவில்லை. கிழக்கு மூலைத் தூணுக்கான மீட்டரோ 0.0 காட்டிக்கொண்டே இருந்தது. கம்பிகளுக்குள் மின்தொடர்பு உண்டா என்று வேலைக்கு முன்பே பார்த்திருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் பிறகு வந்த அறிக்கையில் "குளோரைடு 70 சதவீதம் குறைந்தது" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. சோதனைக்குக் கான்கிரீட் தூள் எடுத்த ஆழம் மேலிருந்து 15 மி.மீ. கம்பி இருப்பது 40 மி.மீ. உள்ளே. துருப்பிடிப்பது கம்பிதான், மேல்தோல் அல்ல. கம்பி உள்ள புதுக் கான்கிரீட்டுக்கே கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கம்பி ஆழத்தில் அந்த அளவைத் தாண்டியிருந்ததால்தான் தங்களை அழைத்தோம். அதே ஆழத்தில் இப்போது எவ்வளவு என்பது அறிக்கையில் எங்குமே இல்லை.

ஒவ்வொரு தூணுக்கும் உண்மையில் போன ஆம்பியர்-மணிக் கணக்கைத் தர வேண்டும். முதலில் தூள் எடுத்த இடங்களுக்குப் பக்கத்திலேயே, கம்பி ஆழம்வரை, எங்கள் முன்னிலையில் மறுபடி எடுத்து, ஐ.எஸ். 14959 முறைப்படி வெளி ஆய்வகத்தில் தங்கள் செலவில் சோதிக்க வேண்டும். ஆம்பியர்-மணி குறைவாக உள்ள தூண்களில், மூலைத் தூண் உட்பட, சுண்ணாம்புத் தண்ணீர் கொண்டே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். எங்கள் போர் குழாயைத் தொடக் கூடாது.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். அதுவரை மேல்பூச்சு அடிக்க ஆள் அனுப்ப வேண்டாம். பெயின்ட் டின்கள் ஜெனரேட்டர் அறையில் இருக்கின்றன, வேண்டுமானால் எடுத்துப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: மீட்டர், ஹோஸ் படங்கள், ஒப்பந்த நகல், முதல் சோதனை அறிக்கை.