கணக்கில் விழாத மீன்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். உப்புவெளிப் பக்கம் மழை இன்னும் விட்டபாடில்லை. வாத்தியார் உன்னை விசாரித்தார், அந்தச் சைக்கிளையும்தான். இனி விஷயத்துக்கு வருகிறேன், மனதில் வைத்திருக்க முடியவில்லை.

இங்கே ஒரு மீனவர் சங்கத்துக்கு, வள்ளம் வாரியாக மீன் நிறை கூட்ட முன்பு யாரோ ரஸ்ட் என்ற நிரல்மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு ஐயா நிறை எழுதிய துண்டோடு வந்து, "என்ர மீன் எங்க தம்பி?" என்று கேட்டாராம். துண்டில் நிறை இருக்கிறது, கணக்கில் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். எண் மட்டும் வரவேண்டிய இடத்தில் "42 கிலோ" என்று பதிந்திருந்தார்கள். எழுத்தை எண்ணாக மாற்றும் பார்ஸ் பிழை கொடுத்தது. விடைகளைச் சலித்தெடுக்கும் ஃபில்டர்மேப்போ ஓகே, அதாவது சரி என்று வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டது. கூட்டுத்தொகையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஒரு மனிதர் இரவு முழுக்கக் கடலில் கிடந்து பிடித்தது அதில் இல்லை. அன்று எனக்குச் சரியான கோபம் மச்சான், இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பதிலாக, உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்கும் ஃபிளாட்டன் போட்டாலும் இதே கதைதான். ஓகே என்றால் ஒரு பொருள் வரும், பிழை என்றால் ஒன்றுமே வராது. கோப்பை வரி வரியாக வாசிக்கும் லைன்ஸோடு சேர்ந்தால் இன்னும் மோசம். லினக்ஸில் கோப்பு என்று நினைத்து கோப்புகளை வைக்கும் ஒரு டைரக்டரியைத் திறந்துவிட்டால் திறப்பு வெற்றிதான், ஆனால் ஒவ்வொரு வாசிப்பும் பிழை தரும். ஃபிளாட்டன் அத்தனையையும் விழுங்கிக்கொண்டே போகும், புரோகிராம் முடியவே முடியாது.

நீ உடனே "கலெக்ட் பண்ணு" என்பாய். உனக்கு எல்லா வருத்தத்துக்கும் அந்த ஒரு மருந்துதானே! ரிசல்ட் என்றால் ஓகே அல்லது பிழை; அதற்குள் வெக்டராக, அதாவது ஒரே பட்டியலாகச் சேர்த்துக் கலெக்ட் செய்தால் முதல் பிழையிலேயே நின்று, அதைக் கையில் தந்துவிடும். செட்டிங்ஸ் கோப்பு வாசிக்க அது நல்லதுதான். ஆனால் ஒரு துண்டில் பிழை என்பதற்காக ஊர் முழுவதன் கொடுப்பனவையும் நிறுத்தலாமா? இங்கே பார்ட்டிஷன்தான் சரி. கடைசி வரி வரைக்கும் போய், நல்லதை ஒரு பக்கமும் பிழையை ஒரு பக்கமும் பிரித்துத் தரும். வரிகளுக்கு எண் போடும் எனுமரேட்டை மட்டும் பார்ஸுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கழித்த பிறகு எண்ணினால் அந்த எண் கோப்பின் வரி எண்ணாக இருக்காது, யாருடைய துண்டு என்று தேடவும் முடியாது.

அப்புறம், பைத்தான் மொழியில் எழுதும் உன் பெடியன்களுக்கும் ஒன்று சொல். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரை உருவாக்கும் இடத்தில், பிழை பிடிக்கும் ட்ரை போட்டுப் பயனில்லை. வேலை நடப்பது யாராவது நெக்ஸ்ட் என்று அடுத்ததைக் கேட்கும்போதுதான், பிழையும் அங்கேதான் வெளியே வரும். உள்ளே பிடிக்காத பிழை ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அந்த ஜெனரேட்டர் அத்தோடு முடிந்தது. மிச்ச வரிகளை அதிலிருந்து எடுக்க முடியாது.

சங்கத்துக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐயாவின் நிறையும் ஏறிவிட்டது. கூட்டுத்தொகையையும் பிழைப் பட்டியலையும் இப்போது ஸ்ட்ரக்ட் என்ற ஒரே கட்டமைப்பில் வைத்திருக்கிறேன். ஆனாலும் பட்டியலைத் திறந்தும் பார்க்காமல் தொகையை மட்டும் அச்சடிக்க ஒருவரால் முடியும். அதை, புரோகிராம் ஓடமுன் சரிபார்க்கும் கம்பைலரே தடுக்கும்படி டைப்பை, அதாவது தரவின் வகையை, எப்படி அமைப்பது? நீ இதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அடுத்த கொடுப்பனவுக்கு முன் கட்டாயம் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்