பத்து மில்லிகிராம் மாத்திரை

நித்திரவிளை
ஞாயிறு மதியம்

மக்களே,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த வேகத்தில் அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் பேச்சே இல்லை. நேரில் சொன்னால் இடையில் வெட்டுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஆறு மாதமாக வயிறு கலக்குகிறது, ஸ்கேன் சரி, ரத்தம் சரி, கடைசியில் டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதித் தந்துவிட்டார், என் வலியை அவர் நம்பவே இல்லை என்று அழுதாய். மாத்திரை பெயரைக் கேட்டதும் நான் சிரித்தேன். சிரித்தது தப்புதான். ஆனால் காரணம் உண்டு, கேட்டியா.

அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். 31 வருடம் மருந்துக்கடையில் நின்றவனுக்கு அந்த மாத்திரைப் பட்டை கை ரேகை மாதிரி. மனச்சோர்வுக்கு என்றால் 75, 100 என்று ஏறும். ராத்திரி ஒரு பத்து கொடுப்பது குடல் நரம்பின் துடிப்பை அடக்க. இங்கிலாந்தில் உனக்குள்ள அதே ஐ.பி.எஸ். (போலீஸ் உத்தியோகம் இல்லை, குடல் எரிச்சல்) உள்ள 463 பேரை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு இந்த மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை, ஆறு மாதம். 2023-இல் முடிவு வந்தது. இதைத் தின்றவர்களுக்குத்தான் வயிறு கூடுதலாக அடங்கியது. உன் டாக்டர் உன்னை நம்பித்தான் எழுதியிருக்கிறார். அதை உட்கார்ந்து இரண்டு நிமிஷம் விளக்கியிருக்கலாம், அது அவர் குறை.

மூளையிலிருந்து வயிறு வரை வேகஸ் என்று ஒரு நரம்பு இறங்குகிறது. மூளை அதிகாரி, வயிறு சிப்பந்தி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அந்த நரம்பின் இழைகளில் ஐந்தில் நாலு பங்கு கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. வயிறு சொல்வதை மூளை ராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

2017 ஒக்கி புயல் உனக்கு ஞாபகம் இருக்கும். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத அந்த டிசம்பரில், தூத்தூர், சின்னத்துறைப் பெண்கள் கடைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "அண்ணா, காஸ் டிரபிளுக்கு ஒரு மாத்திரை." நெஞ்சு எரியுது, கஞ்சித் தண்ணி இறங்கல, நாலு தடவை வெளியே போச்சு. ஒருத்தி கூட மனசு சரியில்லை என்று சொல்லவில்லை. நானும் மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். அந்த வெப்ராளம், அந்த மனப் பதைப்பு முழுக்க வயிற்றில்தான் இறங்கி நின்றது என்பது புரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

அதைவிட ஒன்று உறுத்துகிறது. பிளஸ் டூ வேதியியல் பரீட்சை அன்று காலையில் நீ மூன்று தடவை கக்கூஸுக்கு ஓடினாய். "நடிக்காதே, கிளம்பு" என்றேன். ஊருக்கெல்லாம் வயிற்றுக்கு மருந்து கொடுத்தவன், பெற்ற பிள்ளையின் வயிற்றை நம்பவில்லை. நேற்று நீ டாக்டரைத் திட்டியபோது அதில் பாதி எனக்கும்தான் என்று பட்டது. மன்னித்துக்கொள்.

இனி நீ அனுப்பிய விளம்பரம். மகிழ்ச்சி தரும் செரட்டோனின் என்ற ரசாயனம் 90 சதவீதம் குடலில் உண்டாகிறது, எங்கள் நல்ல பாக்டீரியா கேப்சூலைத் தின்றால் கவலை பறந்துவிடும் என்று போட்டிருக்கிறான். முதல் பாதி கிட்டத்தட்ட சரி. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் மூளைக்குள் நுழையாது. அதற்கு அங்கே வேறு வேலை, குடலை அசைப்பது. அதை அவன் சொல்லமாட்டான், சொன்னால் டப்பா விற்காது.

கிருமிகளுக்கும் பதற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2004-இல் ஜப்பானில் கிருமியே படாமல் வளர்த்த எலிகளை நெருக்கிப் பிடித்து வைத்தபோது, மற்ற எலிகளைவிட அவற்றுக்குப் பதற்ற ஹார்மோன் எகிறியது. ஒரு வகை பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அது தணிந்தது. 2011-இல் அயர்லாந்தில் லாக்டோபசில்லஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்றைக் கொடுத்த எலிகளின் பயம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் குறையவில்லை. பார்த்தாயா, சேதி எந்த வழியாகப் போகிறது என்று! ஆனால் அதே பாக்டீரியாவை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நடக்கவில்லை. எலிக்குப் பலித்ததை நம்பி நீ மாதாமாதம் காசைக் கொட்டவேண்டாம்.

அம்மா பழஞ்சி (புளித்த பழைய கஞ்சி) குடிக்கச் சொல்வாள். குடி. புளித்த சாப்பாடு குடலில் பாக்டீரியா வகைகளைக் கூட்டுகிறது, ரத்தத்தில் அழற்சி குறிகள் குறைகின்றன என்று 2021-இல் அமெரிக்காவில் 36 பேரை வைத்துப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேருக்குத் தயிர், கிம்சி (கொரியாவில் புளிக்கவைக்கும் முட்டைக்கோஸ்) மாதிரி சாப்பாடுகள்தான் கொடுத்தார்கள், நம்ம பழஞ்சி அதில் இல்லை. மனசு லேசானதா என்பது அங்கே முக்கியக் கேள்வியும் இல்லை. அதனால் மருந்து என்று நினைக்காமல், ருசிக்குக் குடி. சின்ன உள்ளியும் (சின்ன வெங்காயம்) மோர் மிளகாயும் சேர்த்தால் ருசிதான், ஆனால் உள்ளி உன் வயிற்றை ஊதவைத்தால் விட்டுவிடு.

மாத்திரையை ராத்திரி படுக்கப்போகும் முன் போடு. வாய் உலரும், காலையில் கொஞ்ச நாள் மந்தமாக இருக்கும். அந்த மந்தத்தில் ஸ்கூட்டர் எடுக்காதே. இரண்டு நாளில் பலன் தெரியாது, சில வாரம் பொறு. உன்பாட்டுக்குக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், டாக்டரிடம் கேள். அவர் மறுபடியும் விளக்கவில்லை என்றால் என்னைப் போனில் பிடித்து அவரிடம் கொடு.

மட்டிப்பழம் பஸ்ஸில் வருவதற்குள் கறுத்துவிடும் என்று அம்மா நேந்திரங்காய் வற்றல் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு ராத்திரி கூப்பிடு. பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசு, எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்வேன்.

அப்பா