அதிபர் கடிதம்: நத்தாருக்கு வீட்டில் இரண்டு வழக்கம் போதும்

திருகோணமலை
மூன்றாம் தவணை, ஆரம்பப் பிரிவு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

பாடசாலையின் நத்தார் ஒளிவிழாவின் நேரம், உடை பற்றிய அறிவித்தல் பிள்ளையின் குறிப்புக் கொப்பியில் தனியாக வரும். இந்தக் கடிதம் விழாவுக்குப் பிறகு வீட்டில் கழியும் நாட்களைப் பற்றியது. சிறு பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் செலவில்லாமல், கையாலேயே செய்யக்கூடிய நத்தார் வழக்கங்கள் சிலவற்றை எழுதியிருக்கிறோம்.

எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். இரண்டைத் தெரிந்தெடுங்கள். அடுத்த வருடமும் அதே இரண்டையே செய்யுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் வருடம் எல்லாம் கைவேலைதான். இரண்டாம் வருடம் "வைக்கோல் எப்ப போடுவம்?" என்று பிள்ளையே கேட்டால் வழக்கம் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நமக்கு நத்தார் வருவது மாரியில். கைத்தொலைபேசியில் பார்க்கும் செய்முறைகளில் பல, காற்று காய்ந்திருக்கும் நாடுகளில் செய்தவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் பசை காயாது, கடதாசி தொங்கும். உப்பும் மாவும் பிசைந்து செய்த உருவங்கள் மூன்றாம் நாளே வியர்த்துப் பிசுபிசுக்கும், ஏனென்றால் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குடில் உருவங்களுக்குச் சாதாரண களிமண்ணே நல்லது. உருட்டி, நிழலில் ஒரு வாரம் விட்டால் போதும், சுட வேண்டியதில்லை.

நான்கு மெழுகுதிரிச் சட்டி

திருவருகைக் காலம் என்பது நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம். அதில் மெழுகுதிரி ஏற்றும் வளையம் 1839இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் தொடங்கியது. யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். நத்தார் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்க, ஒரு வண்டிச் சில்லில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரியும் மற்ற நாட்களுக்குச் சிறியதும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நாட்களை எண்ணிக்காட்டும் கருவி அது. உங்கள் வீட்டிலும் அதே வேலைக்குத்தான்.

இங்கே வண்டிச் சில்லு வேண்டாம். வாய் அகன்ற மண்சட்டியில் முக்கால் பங்கு மணல் நிரப்பி, நான்கு மெழுகுதிரிகளை ஒன்றுக்கொன்று 10 சென்ரிமீற்றர் தள்ளி நடுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் சூட்டில் மற்றது வளைந்து சாயும். மூன்று ஊதாவும், மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு இளஞ்சிவப்பும் வைப்பது மரபு. கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும், ஊதா நாடாவைச் சட்டியின் வெளிப்புறம் கட்டுங்கள். மெழுகுதிரியில் கட்டினால் அது எரியும்.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30ஆம் திகதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறு, அதாவது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில். அன்று ஒரு மெழுகுதிரி, பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று கூடுதலாக ஏற்ற வேண்டும். தினமும் பத்து நிமிடம் எரித்தால், முதல் மெழுகுதிரி 28 நாள்வரை, கிட்டத்தட்ட நான்கே முக்கால் மணி நேரம் எரிய வேண்டியிருக்கும். ஆகவே தடித்ததை முதலாவதாக வைத்து, மெலிந்ததைக் கடைசிக்கு விடுங்கள். யன்னலோரம் வேண்டாம். வாடைக் காற்றில் ஒரு பக்கமாக உருகி மணலில் வழியும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன வாசிப்பது? லூக்கா நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் 80 வசனங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1இலிருந்து நாளுக்கு நான்கு வசனம் வாசித்தால் 20ஆம் திகதி முடிந்துவிடும். 21, 22, 23 ஆகிய மூன்று நாளும் பிள்ளை தன் சொந்தச் சொல்லில் கதையைச் சொல்லட்டும், பிழை பிடிக்காதீர்கள். 24 இரவு இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். முதல் நாளுக்குரிய நான்கு வசனங்களும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதிய முகவுரை. சின்னவர்களுக்கு அதில் பிடிப்பு இராது. அன்று மெழுகுதிரி ஏற்றி ஒரு பாட்டுப் பாடினாலே போதும்.

வெறும் தொட்டிலும் வைக்கோலும்

அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ ஊரில் மாட்டையும் கழுதையையும் உயிரோடு நிறுத்திக் குடில் காட்டினார். நாம் நிறுத்த வேண்டியது ஒரு சிறு பெட்டி மட்டும். அதைத் தொட்டிலாக வைத்து, பக்கத்தில் ஒரு கைப்பிடி வைக்கோலை வையுங்கள். யாருக்காவது ஓர் உதவி செய்த நாளில் பிள்ளை ஒரு வைக்கோலைத் தொட்டிலில் போடும். பாலன் உருவம் 24 இரவுவரை அலுமாரியில் இருக்கட்டும்.

இது குலைவது ஒரே இடத்தில்தான். அண்ணனுக்கு ஒரு தொட்டில், தங்கைக்கு ஒரு தொட்டில் என்று வைத்தால் மூன்றாம் நாளே எண்ணிக்கைச் சண்டை. முழு வீட்டுக்கும் ஒரே தொட்டில் வையுங்கள். அப்பாவும் அம்மம்மாவும்கூட வைக்கோல் போட வேண்டும். வெகுமதியும் தண்டனையும் இதில் கலக்கக்கூடாது, போட்ட வைக்கோலைத் திருப்பி எடுக்கக்கூடாது.

குடிலைச் சுற்றிப் பச்சைப்புல் வேண்டுமானால் சிரட்டையில் நெல் விதையுங்கள். கண் துளையைத் திறந்துவிட்டு, இரண்டு விரல் மண் போட்டு, ஒரு நாள் ஊறவைத்த நெல்லை நெருக்கமாகத் தூவி மெல்லிய மண்ணால் மூடுங்கள். டிசம்பர் 12 அல்லது 13 விதைத்தால் நத்தாருக்கு விரல் உயரத்துக்கு மேல் நிற்கும். பயறு வேகமாக வளரும், 18ஆம் திகதி விதைத்தாலே போதும். முன்கூட்டி விதைத்தால் நெடுத்துச் சரிந்துவிடும். தினமும் கைவிரலால் தெளிப்பதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். மாரிக் காலத்தில் வாளியால் ஊற்றினால் மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கும்.

அலங்காரத்துக்குச் சிப்பி, சோகி பொறுக்கலாம். முருகைக்கல்லைத் தொடாதீர்கள், அதைக் கடலிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம்.

நட்சத்திரக் கூடு

அப்பாமாரும் மாமாமாரும் பிள்ளைகளோடு உட்காருவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. ஆனால் ஒரு மாலையில் முடியாது. மூன்று நாளாகப் பிரியுங்கள்.

முதல் நாள் மூங்கில். ஒரு சென்ரிமீற்றர் அகலத்தில், 60 சென்ரிமீற்றர் நீளத்தில் பத்துச் சிலாகையும், 12 சென்ரிமீற்றரில் ஐந்தும் சீவுங்கள். விளிம்பைக் கத்தியால் மழுங்கச் சுரண்டாவிட்டால் பிள்ளையின் விரலில் சிராய் ஏறும். பச்சை மூங்கிலானால் இரண்டு நாள் தாழ்வாரத்தில் காயவிடுங்கள். காயாமல் கட்டினால் பிறகு சுருங்கி எல்லாக் கட்டும் தளர்ந்துவிடும்.

இரண்டாம் நாள் சட்டம். கை எடுக்காமல் நட்சத்திரம் வரைவதுபோல ஐந்து சிலாகைகளை நிலத்தில் வைத்து ஐந்து முனைகளையும் நூலால் கட்டுங்கள். சிலாகைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் எல்லாம் முனையிலிருந்து 23 சென்ரிமீற்றரில் வரும்வரை நகர்த்திவிட்டுப் பிறகே அவற்றைக் கட்ட வேண்டும். பலருடைய கூடு கோணலாவது இங்கேதான். கண் மதிப்பில் கட்டாமல் அடிமட்டம் வைத்து அளக்க வேண்டும். தரம் மூன்றில் படிக்கும் பிள்ளை இதைச் சரியாக அளக்கும், அந்த வேலையை அவரிடமே விடுங்கள். இப்படி இரண்டு நட்சத்திரம் செய்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டுங்கள். நடுவிலுள்ள ஐந்து வெட்டும் இடங்களிலும் குட்டைச் சிலாகைகளை நிறுத்திக் கட்டினால் வயிறு எழும்பும். முனைகள் பிளந்தால் குட்டைச் சிலாகை நீளம் கூடிவிட்டது. ஒரு சென்ரிமீற்றர் குறையுங்கள்.

மூன்றாம் நாள் கடதாசி. பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு, அதையும் சேர்த்து மொத்தம் ஒரு கோப்பைத் தண்ணீராகும்படி ஊற்றி, அடிபிடிக்காமல் கிண்டுங்கள். மூன்று நிமிடத்தில் கண்ணாடிபோல வரும். இறக்கியதும் ஒரு தேக்கரண்டி வினாகிரி விடுங்கள், பூஞ்சணம் தள்ளிப் போகும். ஆனாலும் இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். பசையைச் சிலாகைக்குத்தான் பூச வேண்டும். ரிசுக் கடதாசிக்குப் பூசினால் ஊறிக் கிழியும். பக்கவாட்டில் ஒரு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள், மின்குமிழ் போடும் வழி அது. இரவு மின்விசிறிக்குக் கீழே காயட்டும்.

உள்ளே 3 அல்லது 5 வாற்று எல்.ஈ.டி. குமிழ் மட்டும். சூடாகும் பழைய குமிழோ மெழுகுதிரியோ கடதாசிக் கூட்டுக்குள் கூடவே கூடாது. கூரை நீட்டிய பகுதிக்குள் தொங்கவிடுங்கள். வெளியேதான் என்றால் மேலே தெளிந்த பொலித்தீன் போர்த்தி, அடியைத் திறந்துவிடுங்கள். முழுக்க மூடினால் உள்ளே வியர்த்துக் கடதாசி தொங்கும். வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கீழே தொய்ந்து தொங்க வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் அந்தத் தொய்விலே சொட்டும், வயர் வழியே உள்ளே ஓடாது. மின் வேலை முழுவதும் பெரியவர் கையில். சிவப்புக் கடதாசி நனைந்தால் சாயம் விடும் என்பதையும் வெள்ளைச் சுவர் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிப்பிப் பலகாரம்

ரிச் கேக்கிலும் லவ் கேக்கிலும் பிள்ளைக்கு வேலை குறைவு. சிப்பியிலோ மேசையைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்தாலும் எல்லாருக்கும் உருட்ட இருக்கும். கோதுமை மா 500 கிராம், உருக்கிய மாஜரின் 50 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. தேங்காயின் முதற்பாலைச் சிறுகச் சிறுகச் சேர்த்து இறுக்கமாகப் பிசையுங்கள். 200 மில்லிலீற்றர் அளவில் பிடிக்கும், தளர்ந்தால் சிப்பி வரி விழாது. ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வைத்துவிட்டு, கோலிக்குண்டைவிடச் சிறிதாக உருட்டுங்கள். முள்ளுக்கரண்டியின் முதுகில், அல்லது இதற்கென்றே வைத்த புதுச் சீப்பில், உருண்டையைப் பெருவிரலால் மெல்லிதாக அழுத்திச் சுருட்டி எடுக்க வேண்டும். தடித்தால் நடு வேகாது, அடுத்த நாள் பதத்துப்போகும்.

மிதமான சூட்டில் பொரியுங்கள். ஒரு துண்டு போட்டால் உடனே துள்ளி எழும்பாமல் மெதுவாக மேலே வர வேண்டும். நன்றாக ஆறிய பிறகே பாகு. சீனி 300 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் மெதுவான உருண்டையாகத் திரளும் பதத்தில் அடுப்பை நிறுத்தி, சிப்பியைக் கொட்டி, சீனி வெள்ளையாகப் பூக்கும்வரை விடாமல் பிரட்டுங்கள். முந்தி இறக்கினால் பாகு பூக்காது, இந்த மழைக்காற்றில் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகும். பிந்தினால் தாச்சியிலேயே சீனி இறுகும், அப்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு மீண்டும் இளக்கலாம். கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு வெந்நீரைவிட மோசமாகச் சுடும். உருட்டுவதோடு பிள்ளையின் வேலை முடிந்தது, அடுப்படிக்கு வரக்கூடாது. ஆறிய அன்றே இறுக மூடும் பிஸ்கட் பேணியில் போடுங்கள்.

முட்டை சேர்க்காமல் எழுதியது வேண்டுமென்றேதான். மார்கழியில் திருவெம்பாவை வருகிறது, அயலிலுள்ள சைவ வீடுகள் பலவற்றில் முட்டை படாத நாட்கள் அவை. முஸ்லிம் அயலவருக்குக் கொண்டுபோகும் தட்டில் பிராந்தி ஊறிய கேக்கை வைக்காதீர்கள், சிப்பியை வையுங்கள். தட்டை ஏந்திக்கொண்டு போவது பிள்ளையாக இருக்கட்டும். அந்த வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது என்பதை வாசலில் வைத்தே சொல்லிப் பழக்கிவிடுங்கள்.

நத்தாருக்குப் பிறகு

டிசம்பர் 26 நமது கரையோரக் குடும்பங்களுக்குச் சாதாரண நாளல்ல. 2004இன் ஆழிப்பேரலைக்காக நாடெங்கும் காலை 9.25க்கு இரண்டு நிமிடம் மௌனம் காக்கப்படுகிறது. அந்த நேரத்தில் சட்டியிலுள்ள முதல் மெழுகுதிரியை மீண்டும் ஏற்றலாம். சிறு பிள்ளை கேட்டால், "கடல் பெருகி வந்து நிறையப் பேர் இறந்தார்கள், அவர்களை நினைக்கிறோம்" என்ற அளவில் நிறுத்துங்கள். அன்று காணொளிகளைக் காட்டாதீர்கள்.

மூன்று ஞானிகளின் உருவங்களை நத்தாரன்று குடிலில் வைக்காமல் வீட்டின் மறுகோடியில் வையுங்கள். நாளுக்கு ஒரு கதிரை, ஒரு மேசை என்று நகர்ந்து ஜனவரி 6 அன்று குடிலை அடையட்டும். நகர்த்தும் பொறுப்பு வீட்டின் கடைக்குட்டிக்கு. குடிலைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். நட்சத்திரத்தின் கடதாசியை மட்டும் உரித்துவிட்டு, சட்டத்தைச் சமையலறைப் பரணில் வையுங்கள். அடுப்புச் சூட்டில் பூச்சி பிடிக்காது, அடுத்த வருடம் மூன்றாம் நாள் வேலை மட்டும்தான் மிச்சம்.

மூங்கில் சீவத் தெரியாதவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வேண்டிய அளவில் வெட்டிக் கட்டாக்கிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவோம்.

இப்படிக்கு,
அதிபர்