1500-ஐ நம்பி கடல்ல தேடாதீங்க: மொரீஷியஸ் கடல் தேடுதல் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

போர்ட் லூயிலேருந்து எழுதுறேன், சர்வே போட்டுல சோனார் பாக்குற ஆளு, அதாவது தண்ணிக்குள்ள சத்தம் விட்டு, எதிரொலி திரும்பி வர்ற நேரத்தையும் சத்தத்தோட வேகத்தையும் வெச்சு தூரம் கணக்கு போடுற மெஷின். கேக்க வந்தது ஒண்ணுதான். நம்ம கடல்ல படகோ விமானமோ விழுந்து தேடப் போனா, அந்த இடத்துல அன்னிக்கு தண்ணிக்குள்ள சத்தம் என்ன வேகத்துல போகுதுன்னு மொதல்ல அளக்கணும், அத உத்தரவுலயே எழுதிடுங்க.

இப்ப நெறைய பேர் செகண்டுக்கு 1500 மீட்டர்னு மெஷின்ல அடிச்சிட்டு கெளம்பிடுறாங்க. பிப்ரவரியில மேல்தண்ணி 28 டிகிரி இருக்கறப்ப வேகம் 1540 கிட்ட இருக்கும், ஆயிரம் மீட்டர் கீழ குளிர்ல 1490க்கு எறங்கிடும், அதுக்கப்புறம் குளிர் பெருசா மாறாது ஆனா அழுத்தம் ஏறிக்கிட்டே போறதால 4000 மீட்டர்ல மறுபடி 1520ஐ தாண்டிடும். எல்லாத்தையும் கூட்டி சராசரி பாத்தா என்னமோ 1500 பக்கம்தான் வருது, அதான் எல்லாரையும் ஏமாத்துது! நேரா கீழ பாத்தா சரி, சாய்வா பாத்தா சத்தம் வேகம் கம்மியான பக்கமா வளையும், தண்ணிக்குள்ள விட்ட கரண்டி மாதிரி பொருள் வேற எடத்துல தெரியும். கரையோரத்துல மொத்த தண்ணியும் சூடா இருக்கறப்ப 1500 போட்டா 500 மீட்டர் தூரத்துல கெடக்குறது 487ல காட்டும். கலங்கல்ல டைவர் கைய விட்டுத் தடவுறப்ப அந்த 13 மீட்டர் ரொம்ப தூரம்ங்க.

1987 நவம்பர் 28 சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸோட ஹெல்டர்பெர்க் விமானம் நம்ம தீவுக்கு வடகிழக்கால விழுந்து 159 பேர் போனாங்க. அது கெடந்தது 4 கிலோமீட்டருக்கும் கீழ. விமானத்தோட பதிவுப் பெட்டி கெடக்குற எடத்த காட்ட சத்தம் விட்டுக்கிட்டே இருக்குற பிங்கர் கருவியோட பேட்டரி ஒரு மாசம்தான் தாங்கும், அது அடங்கினப்புறம் சோனார இழுத்துத்தான் சிதறல்கள கண்டுபிடிச்சாங்க, விமானிங்க பேச்ச பதிவு பண்ற பெட்டி, காக்பிட் ரெக்கார்டர், மேல வந்தது 1989 ஜனவரியில. அவ்ளோ ஆழத்துல சின்ன பெட்டிய தேடுறப்ப ஒவ்வொரு மீட்டரும் கணக்கு.

செலவு பெருசா இல்ல. உலகம் முழுக்க கடல்ல தானா மிதக்குற ஆர்கோ அளவை மிதவைங்க பத்து நாளைக்கு ஒருதரம் 2000 மீட்டர் வரை போய் வெப்பமும் உப்பும் அளந்து அனுப்புது, ஃப்ரீயா கெடைக்குது, கெளம்புறதுக்கு முன்னாடி பக்கத்துல மிதக்குறதோட டேட்டாவ எடுத்து சத்தத்தோட வேகத்த கணக்கு போட்டுக்கலாம். ஸ்பாட்ல அந்த வேகத்த அளக்குற கருவி, ஒரு ப்ரோப், எறக்குங்க, தினம் ஒருதரம், மழையோ புயலோ அடிச்சா உடனே இன்னொருதரம். பிங்கர் சத்தம் கேட்டுச்சுன்னா நாலஞ்சு எடத்துலேருந்து கேளுங்க, பெட்டியோட எடத்தையும் சத்தத்தோட வேகத்தையும் சேத்தே கணக்கு போட்டுடலாம்.

நம்ம ரோட்ரிக்ஸ், அகலேகா தீவுங்களுக்குப் போற போட்டுங்கள்லயும் போட்டுக்கொரு ப்ரோப் வெக்க இந்த பட்ஜெட்லயே வழி பண்ணுங்க. யூஸ் பண்ண கத்துக் குடுக்கணும்னா நான் சம்பளம் இல்லாம வரேன்.