மூன்று திருகுத் துப்பாக்கி: மகளுக்கு ஒரு கடிதம்

கெர்வில், டெக்சஸ்

அன்பு மகளுக்கு,

நேற்று தொலைபேசியில் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உன் அம்மா இருந்தாள். அவள் எதிரில் சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வரை, அதைச் செய்த ரூகர் நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு அனுப்பிப் புதிய உறுப்புகளைப் போட்டுக்கொள்வதா, இருக்கிறபடியே விட்டுவிடுவதா என்று கேட்டாய். கண்காட்சியில் ஒரு வியாபாரி, "கை வைக்காதீர்கள், மதிப்பு போய்விடும்" என்று சொன்னதாகவும் சொன்னாய். அவர் சொன்னது பொய்யில்லை. சட்டகத்தின் பக்கவாட்டில் மூன்று திருகுகள் தெரியும் அந்தப் பழைய மாடலை மாற்றாமல் வைத்திருந்தால், சேகரிப்பவர்கள் கூடுதல் விலை கொடுப்பார்கள். ஆனால் நீ அதை விற்கப் போவதில்லை. கன்று ஈனும் பசுவைப் பார்க்க நள்ளிரவில் கரட்டுப் பாதையில் போகிற கால்நடை மருத்துவர் நீ. உன் வண்டியில் அது குலுங்கிக்கொண்டே போகிறது.

அந்தத் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தை உனக்கு நான் முழுதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது என் தவறு. 1953 முதல் 1972 வரை அந்த நிறுவனம் செய்த ஒற்றைச் செயல் ரிவால்வர்களின் (ஒவ்வொரு முறை சுடும் முன்பும் சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்க வேண்டியவை) உள்ளமைப்பு, 1873-இல் வந்த பழைய கோல்ட் ரிவால்வரின் வழியில் வந்தது. சுத்தியலை முழுதாக இறக்கிவிட்டால் அது நேராக ஊசியின் மேல் உட்காரும். ஊசியின் முனை தோட்டாவின் அடிப்பொட்டை, அதாவது அடிபட்டதும் தீப்பற்றித் தோட்டாவை வெடிக்க வைக்கும் அடிப்பகுதியை, தொட்டுக்கொண்டிருக்கும். அந்த நிலையில் துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலின் பின்நுனி கல்லில் மோதினால் போதும், விசையை யாரும் தொடாமலே வெடித்துவிடும். இதைத் தடுக்க, சுத்தியலை ஊசியில் படாமல் சற்றுப் பின்னால் நிறுத்தும் ஒரு பாதுகாப்புப் பள்ளம் சுத்தியலில் இருக்கிறது. ஆனால் பலமான அடியில் அதன் விளிம்பு உடைந்துவிடலாம். அதனால்தான் ஆறு அறை இருந்தும் ஐந்து தோட்டாவே போட வேண்டும், சுத்தியல் காலி அறையின் மேல் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

1991-இல் அதை என் கையில் கொடுத்தபோது பக்கத்துப் பண்ணைப் பெரியவர் முதலில் கற்றுக்கொடுத்ததும் அதுதான். ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு, சுத்தியலை முழுக்க இழுத்து மெல்ல இறக்கு. அப்படிச் செய்தால் காலி அறை தானாகவே சுத்தியலுக்கு அடியில் வந்து நிற்கும். அந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுவேன். நீயும் அப்படித்தான் செய்கிறாய் என்பதால்தான், "ஐந்துதானே அப்பா போடுகிறேன், பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கேட்டாய்.

இதுவரை உன்னிடமும் உன் அம்மாவிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். 1994-இல் ஒரு மாலை, சமையலறை மேசையில் உட்கார்ந்து தோட்டா போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் தொலைபேசி மணி அடித்தது. தஞ்சாவூரிலிருந்து உன் சித்தப்பா பேசினார். தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். பேசி முடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டு உறையில் செருகி வண்டி இருக்கையின் பின்னால் மாட்டினேன். மூன்று நாள் அது அங்கேயே தொங்கியது. அந்த மூன்று நாளும் உன்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனது அதே வண்டியில்தான். உனக்கு அப்போது ஏழு வயது.

மூன்றாம் நாள் தோட்டாக்களை எடுத்தபோது ஐந்துக்குப் பதில் ஆறு வந்தன. சுத்தியலுக்கு அடியில் இருந்த தோட்டாவை விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன். அடிப்பொட்டின் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு சிறு பள்ளம். குலுங்கிய ஒவ்வொரு முறையும் ஊசி அந்த இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போட்ட தடம் அது. நாற்காலியிலிருந்து வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

நான் கவனமில்லாதவன் அல்ல என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு மனம் தஞ்சாவூரில் இருந்தது, அவ்வளவுதான். உனக்கும் அப்படி ஒரு மாலை வரும். உன் மகனுக்கு இப்போது நான்கு வயது.

அந்த நிறுவனம் 1973-இலேயே தன் புதிய மாடலில் இதைச் சரிசெய்துவிட்டது. சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபர் பார் என்ற ஒரு சிறு எஃகுப் பட்டையை வைத்தார்கள். விசையை முழுதாக இழுத்தால் மட்டுமே அது மேலே எழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையை விட்டால் கீழே இறங்கிவிடும். பிறகு சுத்தியல் ஊசியைத் தொடவே முடியாது. பழைய துப்பாக்கிகளுக்கும் இதே ஏற்பாட்டை 1982 முதல் கட்டணம் வாங்காமல் பொருத்திக் கொடுக்கிறார்கள். உறுப்புகளைத் தனியாகத் தரமாட்டார்கள், தொழிற்சாலையில்தான் பொருத்துவார்கள். உங்கள் ஊர்ப் பழுது பார்ப்பவரிடம் கேட்டு அலைய வேண்டாம். கழற்றிய பழைய உறுப்புகளையும் துப்பாக்கியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதிப்பைப் பற்றிப் பேசிய வியாபாரி இதைச் சொன்னாரா? அந்தப் பை பத்திரமாக இருந்தால் துப்பாக்கியை என்றைக்கு வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

நீ இழப்பதும் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். விசை இப்போதுபோல இருக்காது. கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல விடுபடுகிறதே அந்த இழுப்பு, அது மாறிவிடும். சுத்தியலை இழுக்கும்போது டிக், டிக் என்று படிப்படியாகக் கேட்கிறதே, அந்த ஒலியும் அப்படியே இருக்காது. பெரியவர் தன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த ஒலியை எனக்குக் கேட்கச் செய்தது இன்னும் காதில் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை ஆண்டுகள் நானும் அனுப்பாமல் வைத்திருந்தேன். 1994-க்குப் பிறகும் அனுப்பவில்லை. தோட்டா போடாமல் அலமாரியில் பூட்டி வைத்தேன், அதுவே போதும் என்று நினைத்தேன். பூட்டி வைக்கிற துப்பாக்கியாக இருந்தால் இன்றைக்கும் அதையே சொல்வேன். நீ அதை வேலைக்குக் கொண்டுபோகிறாய்.

அதனால் அனுப்பிவிடு, கண்ணம்மா. முதலில் வரிசை எண்ணைச் சொல்லித் தொழிற்சாலைக்கு எழுது. எப்படிக் கட்டுவது, எந்த வழியில் அனுப்புவது என்று அவர்களே சொல்வார்கள். திரும்பி வந்த பிறகும் வண்டியில் பூட்டுப் பெட்டி இருக்கட்டும். அந்தப் பட்டை தடுப்பது கீழே விழும் அடியைத்தான், சின்னப் பையனின் விரலை அது தடுக்காது.

வரும் சனிக்கிழமை ஆல்பைனுக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன். பேரனுக்கு உன் அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள். 1994-இல் எடுத்த அந்தத் தோட்டாவையும் கொண்டுவருகிறேன். இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நீ அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியை நான் வரும்வரை ஒட்டாதே. ஆறு அறைகளையும் நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா