நீ கேட்ட டப்பா

அன்புள்ள மாப்ளே சேதுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பங்குனியில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு "எழுதுறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

சிகரெட்டுக்குப் பதிலாக உதட்டில் அடக்குகிற நிகோடின் பொட்டலத்தைத்தான் கேட்டாய். "அந்த வெள்ளைப் பொட்டலம் ரெண்டு டப்பா அனுப்பு, புகைதான் இல்லையே, அப்புறம் என்ன கெடுதல்?" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு தல்லாகுளத்திலிருந்து நடந்தேன். கோரிப்பாளையம் வருவதற்குள் மூச்சு இரைத்து, பிள்ளையை மருமகனிடம் கொடுத்துவிட்டு ஒரு கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். "தாத்தா, ஏன் விசில் அடிக்கிறே?" என்று கேட்டாள். சத்தம் என் நெஞ்சிலிருந்து வந்தது, எல்லாம் சிகரெட் செய்த வேலை.

வைகாசியில் அக்கா மகன் ஒரு கல்யாணத்துக்காக ஸ்வீடனிலிருந்து வந்தான். அவன் பையில்தான் இந்த வட்ட டப்பாவைப் பார்த்தேன். ஸ்னூஸ் என்று ஈரப் புகையிலையை உதட்டில் அடக்கும் பழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டாம். ஐரோப்பாவில் சிகரெட் பிடிப்பவர்கள் மிகக் குறைவாக உள்ள நாடும் அதுதான். அந்த ஸ்னூஸுக்குத் தம்பி இது. புகையிலை இலை இல்லை. செடி நாரில் நிகோடினும் (புகையிலையில் நம்மை அடிமையாக்குகிற சரக்கு) புதினா வாசமும் இனிப்பும் கலந்து, சுண்டுவிரல் நுனி அளவுப் பையில் அடைத்திருக்கிறார்கள். கொஞ்சம் சோடா உப்பு மாதிரி காரத்தன்மை உள்ள உப்பும் சேர்க்கிறார்கள், அதுதான் நிகோடினை ஈறு வழியாக ரத்தத்தில் இறக்குகிறது. மேலுதட்டுக்குள் செருகினால் அரை மணி நேரம் தாங்கும். மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது.

முதல் தடவை 6 மில்லிகிராம் கொடுத்துவிட்டான். ஈறு சுரீரென்று எரிந்தது, விக்கல் பிடித்துக்கொண்டது, தலை சுற்றித் திண்ணையில் படுத்துவிட்டேன். அப்புறம் 3 மில்லிகிராமுக்கு மாறினேன். ஒன்பதாவது நாள் சிகரெட் நின்றது. 31 வருஷப் பழக்கம், மாப்ளே! தெப்பக்குளம் டீக்கடைக் கம்பத்தில் கயிறு தொங்குமே, நுனி கனன்றபடி, அதைத் தொடாமல் டீயை மட்டும் குடித்துவிட்டு வந்த அன்று உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன், ஞாபகம் இருக்கும்.

அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. நம்மைக் கொல்வது பெரும்பாலும் எரிகிற சமாச்சாரம். தார், கார்பன் மோனாக்சைடு, 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அதில் 70 வரை புற்றுநோய் தருபவை என்கிறார்கள். பொட்டலத்தில் எரிவது எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் இந்த மாதிரி 20 வகைகளை விற்க அரசு அனுமதித்தது. ஆனால் அனுமதித்ததால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை, புகையிலை தொடாதவர்கள் இதைத் தொடங்கவே கூடாது என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்தப் பாதியை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

ஆடியில் ஒரு நாளைக்குப் பத்து ஆகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் கை தலையணை அடியில் டப்பாவைத் தேடியது. சிகரெட்டுக்காவது வாசலுக்குப் போக வேண்டும்; இதைப் படுத்தபடியே வைக்கலாம். ஈறு ஒரு பக்கம் வெளுத்துப் புண்ணானது.

ஒரு நாள் மத்தியானம் டப்பாவை டிவி மேல் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். விழித்தால் பேத்தி எதிரே நிற்கிறாள். "தாத்தா மிட்டாய் எரியுது" என்று உதட்டைக் காட்டினாள். விரலை விட்டுப் பொட்டலத்தை வெளியே எடுத்தேன், வாயைக் கழுவினேன், அப்படியே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், சாயங்காலம் சரியாகிவிட்டது. விழுங்கவில்லை என்பதால் தப்பித்தோம், நாலு வயசு உடம்புக்கு இது விஷம் என்றார் டாக்டர். மகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த டாக்டரிடமே என் கதையையும் சொன்னேன். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். அதிலும் நிகோடின்தானே என்பாய். ஆமாம். ஆனால் மூன்று மாதத்தில் நிறுத்துகிற கணக்கோடு கொடுக்கிறார். வாராவாரம் எண்ணிக்கை இறங்க வேண்டும். இதையும் மிட்டாய் மாதிரி மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, விறுவிறுப்பு வந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி ஆகாது. பத்தில் தொடங்கி இப்போது நாலில் இருக்கிறேன். பொட்டலம் என்னைச் சிகரெட்டிலிருந்து இறக்கியது நிஜம், அதன் மேலேயே குடியேறிவிட்டதுதான் என் தப்பு. கம் இப்போது பீரோவில் பூட்டி இருக்கிறது.

அதனால் டப்பா அனுப்பமாட்டேன். நீ பிரஷருக்கு மாத்திரை போடுகிறவன். நிகோடின் இதயத் துடிப்பையும் பிரஷரையும் ஏற்றும், புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கண் விழித்ததும் பற்றவைக்கிற ஆளுக்கு 4 மில்லிகிராம் கம் கொடுப்பார்களாம், உனக்கு எது என்று உன் டாக்டர் சொல்லட்டும். போக வெட்கமாக இருந்தால் 1800-11-2356-க்குப் பேசு, புகைப் பழக்கத்தைக் கைவிட உதவ அரசாங்கம் வைத்திருக்கிற இலவச எண். "நம்ம கதிரும் கேட்டான்" என்று சிரித்தாயே, அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவன் சிகரெட்டே தொட்டதில்லை. அவன் எதிலிருந்து இறங்க வேண்டும் சொல்லு? நீ சொல்லமாட்டாய் என்றால் நானே அவனிடம் பேசுகிறேன், நம்பரை அனுப்பு.

வார்டன் மகனுக்குக் கார்த்திகையில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கும். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. சிம்மக்கல்லில் நம்ம பழைய மெஸ் இன்னும் இருக்கிறது. டாக்டர் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பார், உனக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
ராமு